குந்தினவன் ஜாகா

எங்கள் சந்தில் அவருக்கு 'அமெரிக்காக்காரர்' என்று பெயர். அந்த மனிதர் விமானத்தில் ஏறியதே இல்லை. பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. பெங்களூரை விட்டு அவர் போன அதிகபட்ச தூரம், வருஷத்துக்கு ஒருமுறை மனைவியோடு வேளாங்கண்ணி. ஆனாலும் அமெரிக்காவில் டகோட்டா என்கிற பெரிய நிலப்பரப்பு, மாநிலமாக ஆவதற்கு முன்னால் எப்படி இருந்தது, எவன் அதை ஆண்டான், எவன் சுருட்டினான், எவன் கோதுமை விதைத்தான், எவன் அதற்கு விலை வைத்தான் என்பதெல்லாம் நேற்று தெருவில் நடந்த சண்டை போல அவருக்குத் தெரியும். கேட்காமலே சொல்வார். பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில் நிறுத்திவைத்துச் சொல்வார். பால் திரிவதற்குள் வீடு திரும்பினால் நம் அதிர்ஷ்டம்.

அவரும் நானும் ஒரே ஆபீஸ், ஒரே சந்து. ஜீவனஹள்ளிக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டிப் போகிற சந்து அது. இன்றைக்கு அது இல்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஆபீஸ்.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறது என்றால், அந்த நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். இன்றைய சொந்தக்காரன் யாரிடம் வாங்கினான், அவன் யாரிடம் வாங்கினான் என்று பின்னாலேயே போய், முதன்முதலில் அரசாங்கம் அந்த நிலத்தை எவனுக்குக் கொடுத்தது என்பது வரைக்கும் பார்க்க வேண்டும். அந்த வேலையை அங்கே செய்தால் செலவு என்று பெங்களூரில் எங்களிடம் கொடுத்தார்கள். நாங்கள் பார்த்தது வடக்கு டகோட்டா. என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மற்ற டீம் லீடர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் கதை சொன்னார்.

"பஸ் வந்து நின்ன உடனே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிக்கிறோம் இல்ல? அந்தக் காலத்துல டகோட்டா முழுக்க நடந்தது அதாம்மா. துண்டு போட்டாங்க. ஆனா அங்க துண்டுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. போட்டா மட்டும் பத்தாது, குந்தணும். வீடு கட்டணும், உழணும், அஞ்சு வருஷம் அங்கயே இருக்கணும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் வந்து, ஆமா சார், இவன் இங்கதான் குந்திக்கினு இருக்கான், நாங்க பாத்தோம்னு சத்தியம் பண்ணணும். பண்ணா ஜாகா அவனுது. ராஜா, ஜமீன், எவன் கையும் காலும் புடிக்க வேணாம்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் மாறிவிடும். எங்கள் சந்தில் பிறந்த ஒருவனுக்கு அதைவிட அழகான சட்டம் உலகத்தில் இருக்க முடியாது. உட்கார்ந்தவனுக்கு இடம். 'குந்தினவன் ஜாகா' என்பார். பேச்சில் இது ஒரு நாளைக்கு நாலு தரமாவது வந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே போனாலும் முதல் காரியமாகக் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை அல்சூரில் ஒரு கோயில் தேரன்று, போலீஸ்காரர் லத்தியைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னபோது, "நான் காலையிலேர்ந்து குந்திக்கினு இருக்கேன் சார், இவங்க ரெண்டு பேர் சாட்சி" என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத இரண்டு பெண்களைக் காட்டினார். அந்தப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். எல்லா லத்தியும் சிரித்துவிட்டுப் போகும் என்று அவர் நம்பியதற்கு இப்படிப்பட்ட நாட்களும் ஒரு காரணம்.

டகோட்டாவை ஆண்டவர்களைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அது மாநிலம் இல்லை என்பதால் அங்கே இருந்த ஜனங்களுக்குத் தங்கள் கவர்னரைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை. வாஷிங்டனிலிருந்து அனுப்புவார்கள். கட்சிக்கு உழைத்தவனுக்குப் பரிசாகக் கொடுக்கிற பதவி. வந்தவன் ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் ரயில் கம்பெனிக்காரனைத் தெரிந்துகொள்வான். ஜனங்கள் தங்கள் சார்பில் ஒருவரை வாஷிங்டன் சபைக்கு அனுப்பலாம். அவர் எழுந்து பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. ஒரு கவர்னர் காலத்தில் டகோட்டாவின் தலைநகரத்தையே தெற்குக் கோடியிலிருந்து பெயர்த்து, ரயில் போகிற வடக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

"விதான சௌதாவத் தூக்கி ராத்திரியோட ராத்திரியா ஹூப்ளில வெச்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி" என்பார்.

ரயிலைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். தண்டவாளம் போட்டதற்குக் கூலியாக அரசாங்கம் ரயில் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்தது. இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் கம்பெனிக்கு, அடுத்த கட்டம் அரசாங்கத்துக்கு. எங்கே ஸ்டேஷன் வரும் என்று கம்பெனிக்கு முன்பே தெரியும். ஸ்டேஷன் வந்த இடம் ஊரானது, வராத ஊர் செத்தது. விவசாயி கோதுமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தால் அங்கே ஒரே ஒரு கிடங்குதான். கிடங்குக்காரன் கோதுமையைக் கையில் அள்ளி, மட்டம் என்பான். விலை எங்கேயோ வெளியூரில் முடிவாகியிருக்கும். மறுத்தால் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டு, "நம்ம வீட்டு வாசல்ல டெய்லி எத்தனை ரயில் போவுது? ஒண்ணாவது நமக்காக நின்னுக்குதா?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

மாநிலமாகாத அந்த டகோட்டாவுக்கு 'டெரிட்டரி' என்று பெயர்; எங்கள் சந்துக்கும் அவர் அதே பெயரைத்தான் வைத்திருந்தார். குழாயில் தண்ணீர் வராமல் பெண்கள் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நின்று, "சண்டை போடாதீங்க. டெரிட்டரில அப்பிடித்தான்" என்பார். எங்களுக்கு ஓட்டு இருக்கிறதே என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஓட்டு இருக்கும்மா. கார்ப்பரேட்டர் எங்க? எலெக்‌ஷனே நடத்தாம இத்தினி வருஷம் ஓட்டிட்டாங்க. மேலேர்ந்து ஒரு ஆபீசர் வர்றாரு, போறாரு, இன்னொருத்தர் வர்றாரு. பேர மாத்திட்டா டெரிட்டரி இல்லேன்னு ஆயிடுமா?" அன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கதை சட்டென்று நின்றுவிடும். எங்கள் வேலையில் பின்னால் போய்க்கொண்டே இருந்து, அரசாங்கம் முதல் ஆளுக்குக் கொடுத்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலே 'அரசாங்கம்' என்ற ஒரு சொல், அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் நான் கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி யார்துண்ணா?"

"அதுக்கு முன்னாடி நமக்கு வேலை இல்லம்மா. கிளையன்ட் கேக்கல."

அவருக்குத் தெரியாமல் இல்லை. மேற்கே சில மலைகள் இருந்தன. அவை அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கே சொந்தம், வேறு யாரும் நுழையக் கூடாது என்று அரசாங்கமே ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்தது. பிறகு அங்கே தங்கம் கிடைத்தது. ஜனங்கள் சட்டியும் மண்வெட்டியுமாக ஓடினார்கள். முதலில் பட்டாளம் அவர்களைத் துரத்தியது. துரத்தத் துரத்தத் திரும்பிப் போனார்கள். பட்டாளம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் மலைகளையே பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள். இதை அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "பாத்தியா, ஆர்மி வந்து தொரத்தியும் விடல. குந்தினாங்க. சட்டம் அவங்க பின்னாடி வந்துச்சு" என்று முடித்தார்.

"அந்த மலைக்காரங்க என்னா ஆனாங்க?" என்றேன்.

அவர் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "அது வேற கதைம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. அந்த மனிதருக்குப் பொய் ஆகாது. கொஞ்சம்கூட ஆகாது. ஒருமுறை எந்தெந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்து, அடுத்த வீட்டு ஆட்டோ சேகர், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த தன் தம்பி வீட்டில் மாமியார் வீட்டுச் சனங்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தான். பாய், பாத்திரம், அழுகிற குழந்தை, எல்லாம் கச்சிதமாகச் செய்திருந்தான். இவர் நேரே போய் வந்தவர்களிடம் "இந்த வீட்ல யாரும் இல்ல சார், இவங்க நேத்து வந்தவங்க" என்று சொல்லிவிட்டார். சேகர் அடிக்க வந்தான்.

"டகோட்டாலயும் உன்ன மாதிரி ஆளுங்க இருந்தாங்கடா. சக்கரம் வெச்ச வீட்ட இழுத்துக்கினு போயி, இந்த நிலத்துல இன்னைக்கி, அந்த நிலத்துல நாளைக்கின்னு காட்டி சத்தியம் பண்ணாங்க. அவங்களாலதான் நெஜமா குந்தினவனுக்கும் கெட்ட பேரு" என்றார்.

சேகர் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. எனக்கு அவர் செய்தது சரி என்று பட்டது. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

நோட்டீஸ் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தண்டவாளத்தை ஒட்டிய நிலம் முழுக்கத் தங்களுடையது என்றது ஓர் இலாகா. எந்த இலாகா என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் இல்லை. நாங்கள் எப்படி அங்கே இருக்கிறோம் என்று நேரில் வந்து சொல்ல வேண்டும், அதைக் கேட்ட பிறகு முடிவு எடுப்பார்கள். சந்தே அவர் வீட்டு வாசலில் கூடியது. இப்படிப்பட்ட விஷயம் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? அவர் மனைவி தையல் மெஷினை உள்ளே இழுத்துவிட்டு எல்லோருக்கும் இடம் விட்டாள்.

என் அம்மாதான் முதலில் பேசினாள். அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் இஸ்திரி போட்டுக் கை காய்த்துப்போனவள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"இதுல என்னா கீது? எங்க மாமியார் சொன்னதச் சொல்றது. தொரைங்க காலத்துல பட்டாளத்துக் குதிரைக்குப் புல்லு அறுக்க வட ஆற்காட்டுலேர்ந்து நம்ம சனங்களக் கூட்டியாந்து, இங்கயே இருந்துக்கோங்கன்னு குந்தவெச்சாங்க. தொர குந்தவெச்ச ஜாகா. அதச் சொல்லுவோம்."

நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான் அது. அந்தக் காலத்தில் பட்டாளம் தங்கிய கன்டோன்மென்ட் பகுதி மைசூர் மகாராஜாவுக்குக் கீழே இல்லை. வெள்ளைக்காரன் நேரே ஆண்டான். புல் அறுக்கிறவன், குதிரை தேய்க்கிறவன், துணி வெளுக்கிறவன் என்று அவனவனை அங்கங்கே குடிவைத்தான்.

அமெரிக்காக்காரர் அம்மாவை உட்காரச் சொன்னார். அப்புறம் அவர் பேசியதைப் போல அந்தச் சந்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, குந்தவெச்சாங்கன்னு சொல்லாதீங்க. குந்தவெச்சவன் எழுப்பவும் செய்வான். தொரைகிட்ட வேல செஞ்சோம்னா நாம வேலக்காரங்க. தொரை போயாச்சி, குதிரை போயாச்சி, அப்ப நீ மட்டும் ஏன் இன்னும் இங்க கீறேன்னு கேப்பான். எத்தினி நாளைக்கி புல்லு அறுத்த கதையே சொல்லுவீங்க? நெஜம் என்னா? இங்க இருந்தது முள்ளு. நம்ம பெரியவங்க வந்தாங்க. முள்ள வெட்டினாங்க, கல்லு சுமந்தாங்க, வீடு கட்டினாங்க. எவனும் ஒரு செங்கல் குடுக்கல. நாம வேலக்காரங்க இல்ல, குடியேறினவங்க. நிமிந்து நின்னு அதச் சொல்லுவோம். நாங்க வந்தப்ப இங்க ஒண்ணும் இல்ல சார், நாங்கதான் கட்டினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சி சொல்லுவோம்."

சேகர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பட்டாளத்துக்குப் புல் அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூசியவர்கள் நாங்கள். எங்களை ஒருவர் குடியேறினவர்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அம்மா மட்டும், "தொர குந்தவெச்சாருன்னுதான் எங்க மாமியார் சொன்னா" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அந்த மாதம் முழுக்கச் சந்து கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுண்ணாம்பு அடித்தோம். டகோட்டாவில் மரம் நட்டு வளர்த்தவனுக்குத் தனியாக நிலம் கொடுத்தார்கள் என்று சொல்லி வாசலுக்கு வாசல் முருங்கைப் போத்து நடவைத்தார். சீக்கிரம் துளிர்க்கிற மரம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, ஆபீசர் எப்படிக் கேட்பார், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கினார். தமிழிலும் கன்னடத்திலும். "நாவு பந்தாக இல்லி ஏனூ இர்லில்ல." நாங்கள் வந்தபோது இங்கே எதுவுமே இல்லை. அம்மாவுக்கு மட்டும் அது வாயில் நுழையவில்லை.

விசாரணைக்கு வந்த ஆபீசர் வயதானவர், நல்ல மனிதர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். முதலில் இவரைத்தான் கூப்பிட்டார். "ஜாகா யாரு கொட்டித்து?" என்று கேட்டார். யார் கொடுத்தார்கள் இந்த இடத்தை?

"யாரூ கொட்டில்ல சார். நாவே பந்து கட்கொண்ட்வி" என்றார் இவர். யாரும் கொடுக்கவில்லை, நாங்களே வந்து கட்டிக்கொண்டோம்.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அரைகுறைத் தமிழில், மெதுவாக, "நல்லா யோசனை மாடி சொல்லுங்க. அந்தக் காலத்துல மிலிட்டரிக்காரங்க, வெள்ளைக்கார சர்க்காரு, யாரும் உங்களை இங்க இருக்க சொல்லலையா?" என்று கேட்டார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கதவை அதற்கு மேல் எப்படித் திறந்துவைக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்ல சார். யாரும் சொல்லல. முள்ளா இருந்துச்சி. நாங்களே குந்தினோம்."

ஆபீசர் பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரராக அவர் முன்னால் போய் அதையே சொன்னோம். பழக்கினபடி, நிமிர்ந்து நின்று, இரண்டு சாட்சிகளோடு. அம்மா முறை வந்தபோது பயத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அல்சூரில் ஒரு வக்கீல் அம்மா இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் இவர் என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பழைய சர்க்கார் வேலைக்குக் கூட்டிவந்து குடிவெச்சதுன்னு சொல்லியிருந்தா அது வேற கேஸ் சார். அனுமதியோட இருந்தவங்கன்னு வாதாட ஒரு பிடி இருந்திருக்கும். யாரும் குடுக்கல, நாங்களே வந்து உக்காந்தோம்னா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு. அத அவங்கதான் நிரூபிக்கணும். நீங்க ஆளாளுக்கு ரெண்டு சாட்சியோட போய் நிரூபிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

இவர் விடவில்லை. குந்தினவனுக்கு உரிமை உண்டு என்றார். உழைத்துக் கட்டினவனுக்கு, மரம் நட்டவனுக்கு, உண்மையைச் சொன்னவனுக்கு உண்டு என்றார். வக்கீல் அம்மா, "இது எந்த ஊர்ச் சட்டம் சார்?" என்று கேட்டார். இவர் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

லெவல் கிராஸிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து உண்டு. எங்களைப் போலவே புல் அறுக்க வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. போய் நின்று, துரை குந்தவைத்தார் என்று சொன்னார்கள். அவர்கள் கேஸ் இன்னும் நடக்கிறது. வீடுகளும் இன்னும் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இடிக்க வந்தது ஒரு காலை நேரத்தில். போலீஸ், ஜேசிபி, வேடிக்கை பார்க்க ஊர். அவர் மனைவி தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் யாரையும் திட்டவில்லை, யார் காலிலும் விழவில்லை. சேகரின் மனைவி அவர் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் அடுப்பை வெளியே எடுத்துவைக்கப் போனார்.

ஆக்கிரமிப்பாளர்களுக்கு மாற்று வீடு கிடையாது. இரக்கப்பட்டு, ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, ஒரு பொட்டலில் தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தற்காலிகம் என்றார்கள். லாரியிலிருந்து இறங்கியதும் ஆளாளுக்கு ஓடி இடம் பிடித்தோம். அன்றைக்கு அவர் ஓடவில்லை. மிச்சமிருந்த ஓரத்தில் அவர் கொட்டகை வந்தது.

நாலைந்து நாள் கழித்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். என் அம்மா வயது இருக்கும். கொட்டகைகளைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அவளோடு மாடுகளும் நின்றன. இது எங்கள் ஊர் மேய்ச்சல் நிலம், குட்டைக்கு மாடு போகிற வழி இதுதான், என் மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான் ஓட்டுகிறோம், நீங்கள் யார் என்று கன்னடத்தில் கேட்டாள். சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குட்டைக்குப் போகிற வழி சரியாக அவர் கொட்டகை இருந்த இடம்.

சேகர்தான் முந்திக்கொண்டான். "நாவு பந்தாக இல்லி ஏனூ இர்லில்லம்மா. பரீ முள்ளு." ஒன்றுமே இல்லை, வெறும் முள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழகின பாடம், தடுமாறாமல் வந்தது.

அமெரிக்காக்காரர் அவனைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம், மாடுகளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகும்படி மரியாதையாகச் சொன்னார். அவள் போனதும் உள்ளே போய்க் கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்க்க ஆரம்பித்தார். தகரத்தை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார். அவர் மனைவி கத்தினாள். நான் ஓடினேன்.

"இன்னாண்ணா பண்றீங்க? எங்க போவீங்க?"

"விவேக் நகர்ல இவ அக்கா வீடு இருக்கும்மா. ஒரு ரூம் கேட்டுப் பாக்கணும்."

"நீங்க காலி பண்ணா மட்டும் அந்தம்மாவுக்கு நெலம் திரும்பிடுமா? வேற எவனாவது வந்து குந்துவான்."

அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "முள்ளுதான் இருந்துச்சின்றானே சேகரு. லாரியிலேர்ந்து எறங்குறப்பவே பாத்தேம்மா. பூரா மாட்டுக் குளம்பு. ஈரத்துல பதிஞ்சி காஞ்சிருந்துச்சி. நான் பாத்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் குறையவில்லை. எங்களை நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பழக்கிவிட்டு, நின்ற இடம் சரியில்லை என்று அவர் மட்டும் போய்விட்டார். ஆபீசுக்கும் பிறகு வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில், விவேக் நகரில் அந்த ஒற்றை அறையிலேயே இறந்துபோனார். சந்திலிருந்து போனவர்கள் நானும் அம்மாவும் மட்டும்தான். சேகர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான், ஆனால் உள்ளே வரவில்லை.

அவர் தகரத்தை இறக்கிய அன்று சாயங்காலமே நடந்த ஒன்று இருக்கிறது. அவர் காலி செய்த இடத்துக்கு நேரே எங்கள் கொட்டகை. அம்மா ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய், வழிக்குக் குறுக்கே இரண்டு கம்பு நட்டு, துணிக்கொடி கட்டி, ஈரப் புடவையைப் போட்டாள். காலையில் வந்த பெண், மாடுகள் தண்ணீர் குடித்த பிறகு இந்தப் பக்கமாகத் திரும்பி ஓட்டிக்கொண்டு வந்தாள். கொட்டகை போயிருந்ததைப் பார்த்து அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு புடவையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"நாவு பந்தாக இல்லி ஏனூ இர்லில்ல" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அந்தப் பெண் முன்னால் வந்த மாட்டின் கழுத்தைத் தள்ளித் திருப்பினாள். மற்ற மாடுகளும் திரும்பின.